நேக் சந்தின் சிற்பக் காடு

சிற்பத் தொழிலுக்கு உரிய பொருள்கள் இவையென நம் பழைய நிகண்டு நூலார் பத்தினை எண்ணிக் கூறுவர். கல், மரம், உலோகம், செங்கல், சுதை, மண், தந்தம், மெழுகு, வண்ணம், கண்டசருக்கரை என்பன அவை. இவற்றுள் தந்தமும் உலோகமும் விலை மிக்கவை; மண்ணும் சுதையும் எளியவை. ஆயினும் பத்தும் ஒரு வகையில் ஒன்றுபட்டவையே. சிற்பியின் கை படுமுன் இவை பிறர் கையிற் பட்டுத் தேய்ந்தவை அல்ல. எவரோ பருகி உடைத்த கோப்பையின் ஓடு, எவளோ அணிந்து உடைந்த வளையல், ஓடி ஓய்ந்த மிதிவண்டியின் சட்டம் என்று இத்தகைய பொருள்களுக்கு அப்பட்டியலில் இடமில்லை.

இவற்றுக்கும் இடமுண்டு எனக் காட்டியவர் இருபதாம் நூற்றாண்டிற் சிலர். 1942-ஆம் ஆண்டில் பிக்காசோ ஒரு மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் பொருத்திக் காளைத் தலையொன்று செய்தார். கலை நூல்கள் எல்லாம் அதனைப் புகழும். அது ஒரு நொடியில் தோன்றிய நயம், அவ்வளவே. அதே மிதிவண்டியின் உறுப்புகளைக் கொண்டு ஒன்றன்று, நூறன்று, ஆயிரக்கணக்கான உருவங்களைச் செய்து ஒரு காட்டையே நிரப்பியவர் இந்தியாவில் ஒருவர் இருந்தார். அவர் எந்தக் கலைக்கூடத்திலும் பயின்றவர் அல்லர். சாலை மேற்பார்வை செய்து சம்பளம் வாங்கிய அரசு ஊழியர். அவர் பெயர் நேக் சந்த்.

நேக் சந்த் 1924-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இன்று பாகிஸ்தானில் உள்ள ஷக்கர்கர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடியிற் பிறந்தார். 1947-இல் நாடு பிரிந்தபோது அவருடைய ஊர் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. குடும்பத்தார் அனைத்தையும் விட்டு இந்தியப் பகுதிக்கு வந்தனர். 1951-இல் அவர் சண்டிகருக்கு வந்து பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளராக அமர்ந்தார்.

சண்டிகர் என்ற நகரமும் அப்பிரிவினையின் பிள்ளையே. பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டமையால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகர் ஒன்று வேண்டியிருந்தது. அதனை அமைக்கும் பொறுப்பைப் பிரெஞ்சு நாட்டிற் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான லெ கார்பூசியே ஏற்றார். நேர்கோட்டுச் சாலைகள், எண்ணிட்ட வட்டாரங்கள், பூச்சில்லாத திண்காரைக் கட்டடங்கள் என யாவும் அளந்து வரையப்பெற்றன. அங்கே முன்பிருந்த சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. இடிந்த வீடுகளோடு அவ்வீடுகளின் அடுப்புகளும் பானைகளும் ஓடுகளும் குவியலாகக் கிடந்தன. இவற்றை நாள்தோறும் கண்டவர் சாலை மேற்பார்வையாளர். ஊர் இழந்து வந்த ஒருவர் பிறர் ஊர்கள் இடிந்து கிடப்பதைக் காண நேர்ந்தது என்பதை இங்கே கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் அவர் அப்பொருள்களைத் திரட்டத் தொடங்கினார். பகலில் அலுவலகப் பணி. பணி முடிந்தபின் மிதிவண்டியில் ஏறிச் சிவாலிக மலையடிவாரத்து ஆற்றுப் படுகைகளுக்குச் சென்று, நீர் அரித்து விந்தை உருவம் தந்த கற்களைப் பொறுக்கி வருவார். நகரக் குப்பையிலிருந்து பீங்கான் துண்டுகள், கண்ணாடி வளையல்கள், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் குமிழ்கள், குளியலறைத் தொட்டிகளின் உடைசல், உலைக்களத்து இரும்புக் கசடு, தார்ப் பீப்பாய்கள் ஆகியன வந்து சேர்ந்தன. முடி திருத்தகங்களிற் கூட்டித் தள்ளிய மயிரும் வீணாகவில்லை. அது சில உருவங்களுக்குத் தலைமுடியாயிற்று.

இவற்றை அவர் சேர்த்து வைத்த இடந்தான் வியப்புக்குரியது. சுக்னா ஏரிக்கு அருகே, காடு அடர்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. 1902-ஆம் ஆண்டு முதலே எதுவும் கட்டலாகாது எனக் காப்பாக ஒதுக்கப்பட்ட நிலம் அது. அங்கே ஓர் அரசு ஊழியர் சிமிட்டி கொண்டு உருவம் சமைப்பது சட்டத்துக்கு நேர்முரண். வேலையும் போகும், சிறையும் கிட்டலாம். எனவே இரவில், பழைய வண்டிச் சக்கரங்களின் ரப்பரைக் கொளுத்திய வெளிச்சத்தில், அவர் வேலை செய்தார் என்பர். மனைவியும் மிக நெருங்கிய சிலரும் தவிர வேறெவருக்கும் செய்தி தெரியாது. ஓராண்டு ஈராண்டன்று, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இனி, அவ்வுருவங்கள் செய்யப்பட்ட முறையைச் சிறிது விரிவாகக் காண்போம். சுதைச் சிற்பம் செய்வோர் முதலில் ஒரு சட்டகம் கட்டி, அதன்மேல் சாந்தைப் படிப்படியாக ஏற்றி, மேற்புறத்தை நுண்ணிதாக முடிப்பர். நேக் சந்தின் முறையும் அடிப்படையில் அதுவே. வேறுபாடு சட்டகத்தில் தொடங்குகிறது. மிதிவண்டியின் முன்கவை இரு கால்களாகும். நடுச் சட்டம் உடலாகும். இருக்கை விலங்கின் தலையாகும். இவ்வெலும்புக் கூட்டைக் கம்பியால் இறுக்கிச் சிமிட்டியும் மணலும் கலந்த சாந்தினாற் பொதிவார். சாந்து ஈரம் உலர்வதற்குள் வளையல் துண்டுகளையோ பீங்கான் சில்லுகளையோ நெருக்கமாகப் பதிப்பார். இறுதியில் முகம் மட்டும் சில்லுகள் இன்றி வழவழப்பாகத் தேய்த்து விடப்படும்.

இம்முறையின் பயன் யாது? கல்லிற் செதுக்கும் சிற்பி வேண்டாதவற்றைக் கழிக்கின்றார். தாம் எண்ணிய வளைவு வரும்வரை கழிக்கலாம். இங்கோ கவையின் நீளம் எத்துணையோ அத்துணையே காலின் நீளம். வளையலின் வளைவு எதுவோ அதுவே ஆடையின் மடிப்பு. பொருள் ஆணையிடுகிறது, சிற்பி இசைகின்றார். அதனால் இவ்வுருவங்களின் கைகால்கள் விறைத்து நிற்கும்; முகங்கள் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கும். தனி உருவம் ஒன்றை எடுத்து அருங்காட்சியகத்து மேடையில் நிறுத்தினால், அது நன்றாகச் செய்த பொம்மை என்ற அளவிலேயே தோன்றவும் கூடும். இதை மறைத்துப் புகழ வேண்டுவதில்லை. அவருடைய ஆற்றல் தனி உருவத்தில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. ஒரு மேட்டுச் சரிவில் நீர்க்குடம் ஏந்திய பெண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றனர், அடுத்த முற்றத்திற் குரங்குகள், அதற்கடுத்து மயில்கள், பின்னர் இசைவாணரும் ஆடுநரும். நூற்றுக்கணக்கான ஒத்த முகங்கள் ஒரே பக்கம் நோக்கி நிற்கும்போது, ஒருவர் மற்றவரின் அச்சு அல்லர் என்பது மெல்லத் தெரியும். ஒருத்தியின் ஆடை பச்சை வளையல், பக்கத்தவளுடையது செவ்வளையல். ஊர்த் திருவிழாவில் திரண்ட மக்களைப் பார்க்கும் உணர்வு அது.

முற்றங்களை இணைக்கும் வாயில்கள் மிகத் தாழ்ந்தவை. குனியாமல் எவரும் நுழைய இயலாது. தம் காட்டை ஓர் அரசனின் நாடாகவும் தெய்வங்கள் உலவும் இடமாகவும் அவர் கற்பனை செய்திருந்தமையால், அங்கே வருவோர் தலை வணங்கி வரவேண்டும் என்பது கருத்து.

இங்கே குறிப்பிடத்தக்க முரண் ஒன்றுண்டு. லெ கார்பூசியே அந்நகரத்துக்கென வகுத்த ஆணைகளுள், தனி மனிதர் எவருக்கும் நகரிலோ பூங்காக்களிலோ சிலை எழுப்பலாகாது என்பது ஒன்று. தலைவர்க்குச் சிலை வைக்கும் வழக்கம் மலிந்த நாட்டில் அது நல்ல விதியே. அவ்வாறு சிலை மறுத்த நகரத்தின் ஓரத்தில், அவர் வரைந்த தலைமைச் செயலகத்துக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் அண்மையில், ஆயிரக்கணக்கான சிலைகள் எவரும் அறியாமல் எழுந்துகொண்டிருந்தன. விதி மீறப்பட்டதா என்றால் இல்லை என்றே சொல்லலாம். அச்சிலைகளுள் ஒன்றுக்கேனும் பெயரில்லை. திட்டமிட்ட நகரமும் திட்டமிடாத காடும் இரண்டுமே சிமிட்டியால் ஆனவை என்பதும் நோக்கத்தக்கது.

1970-களில் அதிகாரிகள் இவ்விடத்தைக் கண்டுபிடித்தபோது அது பன்னிரண்டு ஏக்கர் அளவுக்குப் பரந்திருந்தது. சட்டப்படி இடித்துத் தள்ள வேண்டியது. ஆனால் செய்தி பரவியதும் மக்கள் திரள் திரளாக வந்து பார்த்தனர். இடிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. 1976-இல் அரசே அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. குற்றவாளியாகக் கூண்டில் நின்றிருக்க வேண்டியவருக்குச் சம்பளமும் பதவியும் ஐம்பது பணியாளரும் கிடைத்தனர். நகரெங்கும் உடைந்த பீங்கானும் கந்தலும் திரட்ட நிலையங்கள் வைக்கப்பட்டன. 1983-இல் இத்தோட்டத்தின் சிற்பம் அஞ்சல் தலையில் இடம் பெற்றது. 1984-இல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கோலர் கலை நிலையத்திலும் அவருடைய உருவங்கள் பெருந்தொகையாக உள்ளன.

பின்னர் எழுந்த பகுதிகளில் அருவிகள், வளைவுகள், பெரிய ஊஞ்சல்கள், திறந்தவெளி அரங்கு எனக் கட்டடமே மிகுந்தது. இன்று தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ நாற்பது ஏக்கர் என்பர். காண்பதற்கு அவை இன்பந் தருவனவே. எனினும், ஒரு மனிதர் ஒரு மிதிவண்டியோடு தனித்து நின்று செய்த முதற்பகுதியின் செறிவு, ஐம்பது பேர் துணையோடு எழுந்தவற்றில் இல்லை. ஆயினும் முதுமைக் காலத்தில் அவர் கந்தல் துணியைக் கம்பிச் சட்டகத்திற் சுற்றிச் செய்த ஆளுயர உருவங்கள் தனிச் சிறப்புடையவை. சிமிட்டி உருவங்களிற் காணாத தளர்வும் அசைவும் அவற்றில் உண்டு.

பாராட்டுகள் பல வந்தபோதும் தோட்டத்துக்கு அமைதி வாய்க்கவில்லை. 1990-இல் சாலை ஒன்றுக்காக இடிபொறிகள் வந்தபோது, பொதுமக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தனர். வழக்கு மன்றமும் தோட்டத்தின் பக்கமே நின்றது. 1996-இல் அவர் வெளிநாடு சென்றிருந்த வேளையிற் பணியாளர் விலக்கப்பட, காவலற்ற தோட்டத்தில் விஷமிகள் புகுந்து உருவங்கள் பலவற்றை உடைத்தனர். அதற்கடுத்த ஆண்டில் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை தோன்றியது. வெளிநாடுகளிலிருந்து வரும் தொண்டர்கள், உதிர்ந்த சில்லுகளை மீண்டும் பதித்தும் புதுச் சுவர்களில் ஓவியப் பதிப்புகள் செய்தும் உதவி வருகின்றனர்.

செப்பனிடும் இவ்வேலை எளிதன்று. மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கச் சிமிட்டி வெடிக்கும். உள்ளிருக்கும் இரும்பு துருவேறிப் பருக்கும். பருத்த இரும்பு மேற்பூச்சை வெளியே தள்ளும். உதிர்ந்த இடத்திற் புதிதாக வாங்கிய வளையலை உடைத்துப் பதிப்பதா, அல்லது எவரோ அணிந்து கழித்த வளையலைத் தேடிப் பதிப்பதா என்ற வினாவும் எழும். கற்கோயிலைப் புதுப்பிப்போருக்கு இவ்வினா இல்லை; அவர்களுக்கு அதே மலையிலிருந்து அதே கல் கிடைக்கும்.

நேக் சந்த் 2015-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதிற் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டில் லெ கார்பூசியேயின் சண்டிகர்த் தலைமைக் கட்டடத் தொகுதி உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிற் சேர்ந்தது. பக்கத்திலிருக்கும் சிற்பக் காட்டின் நிலை வேறு. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உயர்நீதிமன்றத்துக்குச் செல்லும் சாலையை அகலப்படுத்தவும் வண்டிகள் நிறுத்த இடம் காணவும், தோட்டத்து மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது, மரங்களும் வீழ்த்தப்பட்டன. நகரத்தார் இம்முறையும் கூடி எதிர்த்தனர். ஆனால் 1990-இல் நடந்தது போலன்றி, அவர்கள் திரளுமுன்பே இடிபொறி தன் வேலையை முடித்திருந்தது.