ஜீப் கணக்கு வந்தால் எக்ஸ் கணக்கும் வரும்!

கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் கணக்கில் திணறுவது ஏன்?

ஏலத்தோட்ட வேலைக்கு 130 பேர் மலைக்குப் போக வேண்டும். ஒரு ஜீப்பில் 9 பேர் ஏறலாம். எத்தனை ஜீப் வேண்டும்?

கம்பம், கூடலூர், போடி பக்கம் விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களைக் கேட்டால், "15 ஜீப்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். அதையே நோட்டில் போடச் சொன்னால், பேனாவைக் கடிக்கும் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஏராளம்!

பாதிப் பேருக்கு வரவில்லை

"பிரதம்" தொண்டு நிறுவனம் 2024-இல் நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகப் போய் சோதித்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 8-ஆம் வகுப்பில் 100-க்கு 46 பேர்கூட இல்லை.

தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்குவது கிடையாது. அது நல்லதுதான். பிள்ளை பாதியில் நிற்காது. ஆனால் 4-ஆம் வகுப்பில் வராமல் போன வகுத்தலும் பிள்ளையோடு சேர்ந்து மேலே வந்துவிடுகிறது. சமன்பாடு வந்ததும் "கணக்குன்னாலே காய்ச்சல் வருது" என்கிறான் பையன். காய்ச்சல் எக்ஸால் வந்தது அல்ல. பழைய வகுத்தலால் வந்தது. 10-ஆம் வகுப்பில் அரசுத் தேர்வு காத்திருக்கிறது.

மீதி 4 பேர் எங்கே?

130-ஐ 9-ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 4. வழியை மட்டும் மனப்பாடம் செய்தவன் அதோடு நிறுத்திவிடுவான். அந்த 4 பேர் மலைக்கு நடந்தா போவார்கள்? "இன்னொரு ஜீப் வேணும் சார்" என்று அவனே சொன்னால்தான் கணக்கு புரிந்தது என்று அர்த்தம்.

அணையில் அல்ஜீப்ரா

முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இப்போது 128 அடி, தினமும் அரை அடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நாளில் 142 அடி? 14 அடி ஏற 28 நாள். தெரியாத அந்த நாளுக்கு வைத்த பெயர்தான் எக்ஸ்! விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இது புதுசா?

வழி உண்டு

பிள்ளை எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து தொடங்க வேண்டும். மும்பையிலும் வதோதராவிலும் சின்ன வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து அடிப்படைப் பாடம் நடத்தினார்கள். மார்க் கூடியது என்று 2007-இல் வெளியான ஆய்வு சொன்னது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூப்ளோவும் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள்.

தமிழக அரசும் 2025-இல் 6-ஆம் வகுப்பு முதலான பிள்ளைகளின் அடிப்படைக் குறையைத் தீர்க்க "திறன்" திட்டத்தைத் தொடங்கியது.

அடிக்காதீர்கள்!

பெற்றோரே, இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உங்கள் பிள்ளையிடம் அந்த ஜீப் கணக்கைக் கேளுங்கள். வராவிட்டால் அடிக்க வேண்டாம். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று மட்டும் பாருங்கள். நாளைக்கே பள்ளிக்கூடம் போய், கணக்கு வாத்தியாரிடம் அந்த இடத்தைச் சொல்லுங்கள்.

9-ஆம் வகுப்பிலும் வகுத்தல் படிக்கலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை!