வீட்டைச் சீர் செய்வதா? வேறு இடம் போவதா?



ஏரல் பக்கம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். கடன் விண்ணப்பங்களை வாசித்துக் கொண்டிருந்தார்கள். ஒரு உறுப்பினர் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் "வீடு" என்று மட்டும் எழுதியிருந்தது. "வீடுன்னா மராமத்தாம்மா, புதுசு கட்டவா?" என்று கேட்டோம்.

"அதத்தான் மேடம் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். 2023 வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. செவரெல்லாம் ஊறிப் போச்சு. எங்க வீட்டுக்காரரு பூசி எடுத்துருவோம்னு சொல்லுதாரு. எங்க அண்ணன் தூத்துக்குடி பக்கம் ஒரு மனை இருக்கு, வாங்கிப் போட்டுட்டு வந்துருன்னு சொல்லுதான். எனக்கு எது சரின்னு தெரியல" என்றார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து விட்டது. "வாக்கப்பட்டு வந்த வீட்ட விட்டுட்டுப் போறதா?" என்றார்கள் சிலர். "மறுபடி வெள்ளம் வந்தா புள்ளைகள எங்க கொண்டு போவா?" என்றார்கள் சிலர். கடைசியில் குழு ஒரு தீர்மானம் போட்டது. கடன் இப்போது வேண்டாம். முதலில் விசாரிப்போம், கணக்குப் போடுவோம், பிறகு பேசுவோம். அப்படி விசாரித்ததில் நாம் கற்றுக் கொண்டதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

கொற்கையே இடம் மாறிய ஊர்தான்

இன்று கொற்கைக்குப் போனால் வயலும் வாழையும் குளமும்தான் கண்ணில் படும். கடலைப் பார்க்க ஆறு, ஏழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இது பாண்டியர்களின் துறைமுகம். முத்துக்குப் பேர் போன ஊர். அந்தக் காலத்துக் கிரேக்க நூல்களிலும் இதன் பெயர் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69லும், பிறகு 2021லும் இங்கே அகழாய்வு செய்தது.

தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டலும் மணலும் சேர்ந்து சேர்ந்து கரை கிழக்கே நகர்ந்தது. கப்பல் வர வழியில்லை. துறைமுகம் கடலைத் தேடிக் காயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தது அந்தக் காயல் துறைமுகத்தைத்தான். அங்கும் மண் மேடிட்டது. அதற்குப் பிறகு தூத்துக்குடி வளர்ந்தது.

துறைமுகம் போனாலும் கொற்கை அழிந்து விடவில்லை. கடல் போன இடத்தில் விவசாயம் வந்தது. இன்றும் அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள். எனவே போவதும் தப்பில்லை, இருப்பதும் தப்பில்லை. தண்ணீர் எங்கே, பிழைப்பு எங்கே என்று பார்க்காமல் முடிவெடுப்பதுதான் தப்பு.

சுனாமிக்குப் பிறகு வந்த கேள்வி

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதே கேள்வியைக் கடலோரக் குடும்பங்களிடம் அரசே கேட்டது. 2005 மார்ச் 30ஆம் தேதி தமிழக அரசு போட்ட 172ஆம் எண் அரசாணையில் இரண்டு வழி சொல்லப்பட்டது. அலை ஏறும் எல்லையில் இருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அதைத் தாண்டிப் போக சம்மதித்தால், ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் புதிய வீடு இலவசம். போக விருப்பம் இல்லை என்றால் அதே இடத்தில் சொந்தச் செலவில் பழுது பார்த்துக் கொள்ளலாம். அதற்கு அரசு உதவி கிடையாது. புதிய வீடு மனைவி, கணவன் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இலவச வீடு என்றதும் எல்லோரும் ஓடி விடவில்லை. ஏன்? வலை காயப் போட இடம் வேண்டும். வள்ளம் கண் பார்வையில் இருக்க வேண்டும். கரைக்கு வந்த மீனை உடனே எடுத்து விற்கப் போகிறவர்கள் பெண்கள்தான். வீடு தள்ளிப் போனால் பஸ் காசும் நேரமும் அவர்கள் தலையில்தான் விழும். கடலுக்குப் பயந்து தள்ளிப் போனால் பிழைப்பு கஷ்டம், பிழைப்புக்காக அங்கேயே இருந்தால் உயிருக்குப் பயம். இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பதுதான் முடிவெடுப்பது.

சரி, நாம் எதை எதைப் பார்க்க வேண்டும்?

1. முதலில் மண்ணைப் பாருங்கள்

சுவரை மாற்றலாம், கூரையை மாற்றலாம். மனை இருக்கும் பள்ளத்தை மாற்ற முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது சாதாரண மழை இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு மழையில் மட்டும் தண்ணீர் வந்த வீடு வேறு. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் தண்ணீர் வருகிற வீடு வேறு.

வயதானவர்களிடம் கேளுங்கள். 1992 வெள்ளத்தில் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? தண்ணீர் ஆற்றில் இருந்து வந்ததா, குளம் உடைந்து வந்ததா, அடைபட்ட வாய்க்காலில் இருந்து வந்ததா? வாய்க்கால் அடைப்பு என்றால் கிராம சபையில் மனு கொடுத்துச் சரி செய்ய வழி உண்டு. ஆற்றுப் புறம்போக்கு, குளத்தின் உள்வாய் என்றால் அங்கே காசைப் போடுவது தண்ணீரில் போடுவதுதான்.

2. வீட்டின் எலும்பைப் பாருங்கள்

அஸ்திவாரமும் சுவரும் நன்றாக இருந்து ஓடு, கூரை மட்டும் கெட்டிருந்தால் சீர் செய்வது லாபம். சுவர் சாய்ந்திருந்தாலோ தரை இறங்கியிருந்தாலோ யோசிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் வீடு இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம்.

நம் பகுதியில் உப்புக்காற்று. காங்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து ஊதும், காரை பெயர்ந்து விழும். அதன் மேலேயே பூசி வெள்ளை அடித்தால் ஒரு வருஷம் அழகாக இருக்கும், அவ்வளவுதான். துருவைச் சுரண்டிக் கம்பியைச் சரி செய்யாமல் பூசக் கூடாது. உப்புத் தண்ணீரிலும் கடல் மணலிலும் வேலை செய்ய விடாதீர்கள். வேலை பிடிக்கிற கொத்தனார் ஒருவரிடம் மட்டும் கேட்காமல், வேலைக்குச் சம்பந்தம் இல்லாத இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

3. பத்திரத்தைப் பாருங்கள்

நம் உறுப்பினர் இங்கேதான் அதிர்ந்து போனார். இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டின் பட்டா இறந்து போன மாமனார் பெயரில் இருந்தது. உயில் எதுவும் இல்லை. அப்படியானால் இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி மாமியார், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. கட்டிக் கொடுத்த நாத்தனாருக்கும் உண்டு. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. ஆனால் "யார் பெயரில்?" என்ற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

யோசித்துப் பாருங்கள். குழுவில் கடன் வாங்கி, மாதா மாதம் நாம் கட்டி, வீட்டைச் சீர் செய்கிறோம். நாளை பங்கு பிரிக்கும்போது அந்த ஒன்றரை லட்சத்துக்கு என்ன எழுத்து இருக்கிறது? எனவே முதலில் வாரிசுகள் உட்கார்ந்து பேசிப் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து கொள்வது நல்லது. குடும்பத்திற்குள் எழுதும் பத்திரங்களுக்குக் கிரயப் பத்திரத்தை விடக் கட்டணம் குறைவு.

புது மனை வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். அண்ணன் காட்டிய மனைக்கு அங்கீகாரம் இல்லை என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது. அண்ணனுக்கும் அது தெரியாது. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் 1 முதல் அரசு சலுகை கொடுத்தது. பதிவுக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

4. பிழைப்பைப் பாருங்கள்

மனை விலை மலிவு என்று போய் விடுவோம். வேலைக்குப் போக இரண்டு பஸ், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு மாற்றம், குடிதண்ணீர் எவ்வளவு தூரம் என்று எழுதிப் பாருங்கள். பஸ்ஸுக்குத் தினம் 60 ரூபாய் கூடினால் 25 நாள் வேலைக்கு மாதம் 1,500 ரூபாய். இன்னொன்றும் உண்டு. ஊர் மாறினால் குழுவும் மாறும். அவசரத்துக்கு ஓடி வருகிற பன்னிரண்டு பேர் புது ஊரில் உடனே கிடைக்க மாட்டார்கள்.

5. கடனைப் பாருங்கள்

ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால் முதல் மாத வட்டி 1,500 ரூபாய். அதையே வெளியில் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 7,500 ரூபாய். வீடு பாதியில் நிற்கும்போதுதான் பலர் வெளியில் கை நீட்டுகிறார்கள். எனவே மதிப்பீட்டுக்கு மேல் கொஞ்சம் கையில் வைத்துக் கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். குடிசையில் இருப்பவர்கள் புது வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024ல் அறிவிக்கப்பட்டது. அரசுத் திட்டங்களில் கட்டிய பழைய வீடுகளைப் பழுது பார்க்கவும் அப்போது ஒரு திட்டம் வந்தது. இப்போது என்ன கிடைக்கும் என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். குழுவாகப் போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

அந்த உறுப்பினர் என்ன செய்தார்?

மண்ணைப் பார்த்தார். வீடு தெருவிலேயே பள்ளமான இடம், சின்ன மழைக்கும் தண்ணீர் வரும். எனவே சீர் செய்வதை விட்டு விட்டார். அங்கீகாரம் இல்லாத மனையும் வேண்டாம் என்றார். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வாரிசுகள் பேசும்போது மாமனாருக்கு அதே ஊரில் மேட்டுத் தெருவில் இரண்டரை சென்ட் காலி இடம் இருந்தது நினைவுக்கு வந்தது. பாகப்பிரிவினையில் அதைக் கேட்டு வாங்கினார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் பத்திரம். பேசி முடிக்க ஒன்பது மாதம் ஆனது. வீட்டுக்காரரிடம் சண்டையும் நடந்தது. இப்போது வானம் தோண்டி, பழைய வெள்ளக் கறையை அளந்து பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டுகிறார்கள். குழு கடனைக் கொடுத்து விட்டது.

"ஊர விட்டும் போகல, தண்ணியில இருந்தும் தப்பிச்சோம்" என்று சிரித்தார். இருப்பது, போவது என்று இரண்டு வழிதான் என்று நினைத்தோம். விசாரித்த பிறகு மூன்றாவது வழி தெரிந்தது. முதல் கூட்டத்திலேயே கடன் கொடுத்திருந்தால் அந்தப் பணம் பழைய சுவரில் போயிருக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

உங்கள் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது?
கடந்த பத்து வருஷத்தில் எத்தனை முறை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது?
வீட்டுக் கடன் கொடுக்கும் முன் குழு நேரில் போய்ப் பார்க்கிறதா?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் சேர்ந்து பேசுவோம்.