உலகம் பாராட்டிய கச்சேரியைக் கெடுத்த ஒரு டிக் அடையாளம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் போதும், பாட்டுக் கேட்க வேறு எந்த ஏற்பாடும் தேவையில்லை என எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் இருந்தேன். உலகமே பாராட்டிய ஓர் இசைப் பதிவைக் கேட்டுவிட்டு, "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒதுக்கி வைத்த பிறகுதான் என் தவறு தெரிந்தது. அந்தத் தவறு உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கலாம்.

நான் இருப்பது அருப்புக்கோட்டைக்கு அருகே உள்ள பாலவனத்தம். 1901ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஊர். என் அப்பா நாற்பது ஆண்டுகள் தவில் வாசித்தவர். இப்போது வயது எழுபத்தெட்டு. முழங்கால் வலியால் மதுரைக்குக்கூட பஸ் ஏறுவதில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில், இளையராஜாவின் "வேலியன்ட்" சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த செய்தியைப் பேப்பரில் படித்ததிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி. "அத்தனை பேரும் ஒண்ணா உட்கார்ந்து வாசிச்சா எப்படிப்பா இருக்கும்?"

அவரை லண்டனுக்கு அழைத்துச் செல்ல முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு லைவ் பதிவுதான் டிக்கெட். எனவே நல்ல பதிவாகத் தேடினேன்.

விருது பெற்ற பதிவு

நான் தேர்ந்தெடுத்தது சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் பதிவு. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி, இறந்துபோன எழுத்தாளர் மன்சோனியின் நினைவாக அமைத்து, 1874ல் மிலான் நகரில் அரங்கேற்றிய "ரெக்வியம்" என்னும் இரங்கல் இசை அது. ரிக்கார்டோ மூட்டி நடத்த, 2009 ஜனவரியில் சிகாகோவில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவு செய்தார்கள். 2010ல் ஆர்க்கெஸ்ட்ராவின் சொந்த நிறுவனமான "சிஎஸ்ஓ ரிசவுண்ட்" அதை வெளியிட்டது. 2011ல் இப்பதிவுக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. ஒன்று சிறந்த கிளாசிக்கல் ஆல்பத்திற்கு. மற்றொன்று குழுப் பாடலுக்கு.

ஸ்டுடியோவில் தவறு நேர்ந்தால் மீண்டும் மீண்டும் வாசித்துச் சரி செய்துகொள்ளலாம். லைவ் பதிவில் அந்த வசதி குறைவு. இரண்டு மூன்று நாள் கச்சேரிகளைப் பதிந்து, நல்ல பகுதிகளை இணைப்பது உண்டு, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு லைவ் பதிவு பாராட்டுப் பெறுவது பெரிய செய்தியாகிறது.

உறவினர் ஒருவர் கொடுத்த சிடியை யுஎஸ்பி டிரைவில் போட்டு, எம்பி3 பைலாக மாற்றி, அப்பாவை உட்கார வைத்து ஓட விட்டேன். கால் மணி நேரம் கேட்டார். "மெதுவா வாசிக்கத் தெரியாதவங்களா இவங்க? எல்லாம் ஒரே மட்டமா இருக்கேப்பா" என்று எழுந்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விருது கொடுத்தவர்கள் மீது சந்தேகம் வந்தது.

எங்கே தவறு?

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அப்பா குறை சொன்னது ஆர்க்கெஸ்ட்ராவை. குறை இருந்தது என் கம்ப்யூட்டரில். யூடியூபில் பாடங்கள் கேட்கும்போது குரல் மெலிதாக இருக்கிறதே என்று, "லவுட்னஸ் ஈக்வலைசேஷன்" என்ற இடத்தில் நானே டிக் அடையாளம் ஏற்படுத்தியிருந்தேன். பிறகு அதை மறந்தும் போனேன்.

இந்த வசதி மெலிதான ஒலியைத் தூக்கும். பலத்த ஒலியை அமுக்கும். பேச்சுக்கு இது நல்லது. ஆனால் வெர்டியின் இசை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய மெல்லிய செல்லோ ஒலியில் தொடங்குகிறது. எட்டு, ஒன்பது நிமிடங்கள் கழித்து "டீஸ் ஈரே" என்ற பகுதியில் ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் பெரிய முரசும் ஒன்றாக இடிக்கின்றன. இந்த ஏற்ற இறக்கம்தான் அதன் உயிர். என் கம்ப்யூட்டர் அதைச் சமமாக்கி விட்டது.

இதை நீக்க, கன்ட்ரோல் பேனலில் "ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட்", பின்னர் "சவுண்ட்" கிளிக் செய்திடவும். பிளேபேக் டேபில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் செல்லவும். என்ஹான்ஸ்மென்ட்ஸ் டேபில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுக்கவும். விண்டோஸ் 11 எனில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" என்பதை "ஆப்" செய்திடலாம். சவுண்ட் கார்டின் டிரைவர் புரோகிராமைப் பொறுத்து இந்த இடங்கள் சற்று மாறலாம். பாட்டு கேட்கும் ஆப்களில் "நார்மலைஸ் வால்யூம்" என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

பைல் எப்படி இருக்க வேண்டும்?

இரண்டாவது தவறு, எம்பி3 பைலை 128 கேபிபிஎஸ் அளவில் அமைத்தது. சிடியில் ஒரு விநாடி இசைக்கு 1,411 கிலோபிட் செலவாகிறது. 128 என்றால் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. ஒரு மணி நேர இசை சுமார் 635 எம்பியிலிருந்து 58 எம்பியாகச் சுருங்கும். காதுக்கு எளிதில் தெரியாது எனக் கணக்கிட்டே சில விவரங்களை எம்பி3 நீக்குகிறது. ஒற்றைக் குரல் பேச்சில் இது உறுத்தாது. நூறு பேர் வாசித்துப் பாடும்போது தெரிய வாய்ப்புண்டு.

"பிளாக்" என்ற வகை பைல் எதையும் நீக்காமல், பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருக்கித் தருகிறது. விண்டோஸ் 10ல் உள்ள விண்டோஸ் மீடியா பிளேயரில் "ரிப் செட்டிங்ஸ்" சென்று, பார்மட் என்ற இடத்தில் இதனைத் தேர்ந்தெடுக்கலாம். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளில் இடம் ஒரு பிரச்னையே இல்லை.

இரண்டாவது முறை

எல்லாவற்றையும் சரி செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பேனை நிறுத்தினேன். வியர்த்தாலும் பரவாயில்லை என்றார் அப்பா. தொடக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை என நினைத்து வால்யூம் கூட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "வாசிக்கிறாங்க, பேசாம இரு." அதன்பின் அந்த முரசு விழுந்தது. அப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையில் தானாகத் தட்டின. முடிந்ததும் சொன்னார்: "இப்பத்தான் அடி விழுது. அமைதியா வாசிக்கத் தெரிஞ்சவன் அடிச்சாத்தான் அது அடி."

விருது ஏன் கிடைத்தது என்பதற்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

நீங்கள் கேட்கும் முன்

* ஸ்பீக்கர்கள் இரண்டையும் மானிட்டரின் இருபுறமும் காது உயரத்திற்கு வையுங்கள். இடது, வலது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* மெல்லிய தொடக்கத்தை வைத்து வால்யூமை முடிவு செய்யாதீர்கள். பலத்த பகுதியை முதலில் சிறிது ஓட விட்டு, அதற்கேற்ப அமைத்த பின் ஆரம்பத்துக்குச் செல்லுங்கள். ஹெட்போன் எனில் இது மிக முக்கியம். இல்லையேல் காது பாதிக்கப்படும்.

* புளூடூத் ஹெட்போன் பொதுவாக இசையை மீண்டும் சுருக்கும். ஒயர் உள்ளதே நல்லது.

* பாட்டுகளுக்கிடையே "கிராஸ்பேட்" இருந்தால் நிறுத்துங்கள். லைவ் கச்சேரியில் இடைவெளி அமைதியும் இசையே.

ஒரு பதிவை எல்லாரும் பாராட்டி, உங்களுக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ரசனையாக இருக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், ஒரு முறை அந்த டிக் அடையாளத்தைப் பார்த்துவிடுங்கள்.