வழிகாட்டியே பொய் சொன்னால்?

1984-ல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் புது தில்லி நிலையத்தில் வந்து இறங்கியபோது எனக்கு இந்தியில் மூன்று வார்த்தைகள்தான் தெரியும். கரோல்பாகில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு வழி கேட்டேன். முதலில் கேட்டவரின் பதில் கூட்டத்தின் இரைச்சலில் காதில் விழவில்லை. இரண்டாமவர் சிரித்த முகத்தோடு, சற்றும் தயங்காமல் கை காட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். காலை வெயில் முகத்தில் அடித்தது. கரோல்பாக் மேற்கே இருக்கிறது என்று பெரியப்பா கடிதத்தில் எழுதியிருந்தாரே! அப்போதுதான் விழித்துக்கொண்டேன்.

அந்தக் காலை 2025 நவம்பரில் மீண்டும் நினைவுக்கு வந்தது. 84 வயதான என் அம்மா சென்னையிலிருந்து தனியாக விமானத்தில் வந்துகொண்டிருந்தார். தில்லி விமான நிலையத்தருகே விமானங்களுக்குப் பொய்யான ஜி.பி.எஸ். சிக்னல் கிடைப்பதாக அந்த வாரம்தான் பத்திரிகைகளில் செய்தி. விமானமோ தாமதம். வாசலில் நின்ற இரண்டு மணி நேரமும் நெஞ்சு படபடத்தது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரையை எட்டும்போது மிக மிக மெலிந்துவிடுகிறது. அதே அலைவரிசையில் பக்கத்தில் யாராவது இரைச்சல் எழுப்பினால் அது அமுங்கிப்போகும். இது ஜாமிங், எனக்குக் காதில் விழாத முதல் பதில். சிக்னலைப் போலவே போலி ஒன்றை அனுப்பி, தவறான இடத்தைக் காட்டுவது ஸ்பூஃபிங். சிரித்துக்கொண்டே கை காட்டியவர். இரண்டாவதுதான் ஆபத்து. ஏமாறுகிறோம் என்பதே தெரியாது.

2013-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உரிமையாளர் சம்மதத்துடன், மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய உல்லாசப் படகைப் போலி சிக்னலால் திசை திருப்பிக் காட்டினார்கள். அமெரிக்காவின் நுவர்க் விமான நிலையத்தருகே ஒரு லாரி ஓட்டுநர், முதலாளி தன் வண்டியைக் கண்காணிக்கக் கூடாதென்று சிறு ஜாமர் வைத்திருந்தார். அது விமான நிலையக் கருவியையே குழப்பியது. 2013-ல் அவருக்கு விதிக்க முன்மொழியப்பட்ட அபராதம் சுமார் 32,000 டாலர்!

பாதுகாப்பு என்ன? ஒருவர் பேச்சை மட்டும் நம்பாதிருப்பதுதான். இரைச்சல் வரும் திசைக்குக் காதை மூடிக்கொள்ளும் ஆன்டெனாக்கள் உண்டு. ஜி.பி.எஸ்ஸோடு வேறு நாட்டுச் செயற்கைக்கோள்களையும் கேட்டு ஒப்பிடும் ரிசீவர்கள் உண்டு. ஐரோப்பாவின் கலிலியோ, தன் செய்தி அசல்தான் என்று நிரூபிக்கும் மின்னணு முத்திரையை 2025 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விமானத்தினுள்ளே வெளியுதவி இல்லாமல் தன் நகர்வைத் தானே கணக்கிடும் கருவியும் இருக்கிறது. எனக்கு வெயில் உதவியதுபோல!

தில்லியில் 10-ஆம் எண் ஓடுபாதையை நெருங்கிய சில விமானங்களுக்குத்தான் இந்தத் தொல்லை என்றும், பழைய தரைக் கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதை முனைகளில் பாதிப்பில்லை என்றும் 2025 டிசம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பழையது என்று ஒதுக்காமல் வைத்திருந்தது கைகொடுத்தது.

அம்மா சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். "ஏண்டா, முகம் வாடிக் கிடக்கு? சாப்பிடலையா?" என்றார். காரணம் சொல்லவில்லை, பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

அன்பர்களே, இனி உங்கள் கைபேசி வரைபடம் சந்தேகமான வழியைக் காட்டினால், ஒரு கணம் வெயில் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள்.