பழைய பெட்டி, புது வேலை – 6: 501-வது யூனிட்

போன வாரம் சிபியுவைத் துடைத்து, செத்துப்போன பட்டன் செல்லை மாற்றி, ஓபன்மீடியாவால்ட் என்ற வீட்டு சர்வர் மென்பொருளை ஏற்றி, மானிட்டரைக் கழற்றி வைத்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஹார்ட் டிஸ்க் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஈபி பில் குறுக்கே வந்துவிட்டது.

"பரணில் சும்மா கிடந்த பெட்டிதானே, செலவு என்ன?" என்பதுதான் இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து எல்லாரும் சொல்வது. கோர் 2 டுவோ காலத்துச் சிபியு, ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு, ஒன்றும் செய்யாமல் விழித்திருப்பதற்கே சுமார் 60 வாட் எடுக்கும். 24 மணி நேரமும் 60 வாட் என்றால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட். நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாளைக்கு 86 யூனிட்டைத் தாண்டுகிறது. 2016-ல் வந்த 100 யூனிட் இலவசம் இருக்கிறதே, அதில் பெரும்பகுதியை மூலையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெட்டியே சாப்பிட்டுவிடும்.

இதுகூடப் பரவாயில்லை. ஸ்லாப் அட்டவணையைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டுக்குச் சரியாக 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அட்டவணையே வேறு. 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு ஆரம்பித்துவிடும். இரண்டாவது நூறுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை பின்தேதியிட்டுப் பறிபோகும். அதனால் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்!

அதற்கு முந்தைய கட்டணத்தைத் தேடிப் பார்த்தேன். அது இன்னும் பயங்கரம். 500-க்கு 1,130 ரூபாய். 501-க்கு 1,786 ரூபாய் 60 காசு. ஒரு யூனிட்டுக்கு அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல். ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் வீட்டுக்கு வீடு ஏன் சண்டை நடந்தது என்று இப்போதுதான் புரிகிறது. 2024 ஜூலையில் ரூபாய் காசெல்லாம் கொஞ்சம் ஏறின. 500 என்ற கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது நம் 86 யூனிட் பெட்டியை 2022 கணக்கிலேயே மூன்று வீட்டில் வைத்துப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் மட்டும் எரிக்கும் ஒண்டுக்குடித்தன வீட்டில் கூடுதல் செலவு 171 ரூபாய். 300 யூனிட் வீட்டில் 387 ரூபாய். ஒரு ஏசி, ஒரு மோட்டார், 440 யூனிட் என்று ஓடும் வீட்டில் 1,365 ரூபாயாக இருந்த பில் 2,158-க்குப் போய் நிற்கும். கூடுதல் 793 ரூபாய். பெட்டி ஒன்றுதான், வாட் ஒன்றுதான். ஆகவே "சர்வர் ஓட்ட எவ்வளவு ஆகும்?" என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் ஈபி கார்டைக் கேளுங்கள்.

  

60 வாட் என்பது என் குத்துமதிப்பு. உங்கள் பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்று அறிய பிளக்கில் செருகும் வாட் மீட்டர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் அதைவிடச் சந்தோஷமான வழி ஒன்று உண்டு, காசும் ஆகாது. வாசலில் இருக்கும் ஈபி மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும்; 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் உட்பட வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பழைய சிபியுவை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 19 விநாடிக்கு ஒன்று என்றால் 59 வாட். பத்து சிமிட்டலுக்குச் சேர்த்து நேரம் பார்த்துப் பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியம். வேறு எண் அச்சிட்டிருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுங்கள். 1125-க்குப் பதில் அது. வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அளந்து முடித்ததும் ஃபிரிட்ஜை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

அளந்த பிறகு குறைக்கலாம். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் பிடுங்குங்கள். மதர்போர்டிலேயே டிஸ்ப்ளே இருக்கும் பெட்டிக்கு அது வெட்டிச் சோறு. டிவிடி டிரைவ் ஒயரையும் கழற்றுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் இழுக்கும் மின்சாரத்தில் கால் பங்கோ அதற்கு மேலோ வெறும் சூடாகப் போகும். ஆனால் அதை மாற்றப் புதுக் காசு போட்டால் மிச்சம் பிடிக்கப் பல வருடம் ஆகும். அதற்குக் கொஞ்சம் இளைய பெட்டி தேடுவதே மேல். விண்டோஸ் 11 ஏற்காது என்பதால் ஏழாம் தலைமுறை கோர் ஐ5 எல்லாம் இப்போது ஆபீஸ்களிலிருந்து வெளியே வருகின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. லினக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. அந்த ஐ5 பெட்டிகள் சும்மா இருக்கையில் 20, 30 வாட்டோடு நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: மின்னணுக் கழிவு விதிப்படி பெரிய கம்பெனிகள் இவற்றைப் பதிவு பெற்ற உற்பத்தி, மறுசுழற்சி, புதுப்பிப்பு நிறுவனங்களிடம்தான் கொடுக்கலாம். கம்பெனி ஸ்டோர்ஸ்காரரைத் தாஜா செய்து பின்வாசல் வழியாக வாங்காமல், புதுப்பித்து விற்பவரிடம் பில்லோடு வாங்குங்கள்.

ஆனால் உண்மையான மிச்சம் வாட்டில் இல்லை, மணியில் இருக்கிறது. வீட்டு சர்வர் 24 மணி நேரம் ஓட வேண்டும் என்று யார் சொன்னது? நம் கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் ரோலிங் மில்களும் உயரழுத்த இணைப்பில் ஓடுபவை. காலை, மாலை உச்ச நேரத்தில் எடுக்கும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதம் தள்ளுபடி. எந்த நேரம் உலை மூட்டுவது என்பதே அங்கே ஒரு கணக்கு. நமக்கு நேரத்துக்கேற்ற விலை கிடையாது, ஆனால் பெட்டியையும் ஷிப்டுக்கு அனுப்பலாம். பயாஸில் ஆர்டிசி அலாரம் என்றிருக்கும். அதில் மாலை 6 மணி என்று வைத்தால் பெட்டி தானே எழும். ஓபன்மீடியாவால்ட்டில் இரவு 10 மணிக்கு ஷட் டவுன் என்று ஒரு வேலையைத் திட்டமிட்டு வைத்தால் தானே படுக்கும். வீட்டில் எல்லாருடைய போனும் வைஃபையில் இருக்கும் நேரம் அதுதான். அன்றைய போட்டோக்கள் ஏறிவிடும். நாலு மணி நேர ஷிப்டுக்கு இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுச் சொச்சம். 440 யூனிட் வீடும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும். பி ஷிப்ட், சி ஷிப்ட் போகிறவர்கள் மணியை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பயாஸில் இருக்கும்போதே இன்னொன்று. மின்சாரம் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். அதை "அணைந்தே இரு" என்று வையுங்கள். நம் பக்கம் கரண்ட் ஒரேயடியாக வருவதில்லை. போகும், வரும், மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் பெட்டி எழ முயன்றால் முதலில் சாவது ஹார்ட் டிஸ்க்.

ஆம், ஹார்ட் டிஸ்க். பழைய 500 ஜிபியை நம்பலாமா, ஒன்று போதுமா, இரண்டை ஜோடி சேர்ப்பதா, அப்படிச் சேர்த்தால் அது ஏன் பேக்கப் ஆகாது என்றெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் சாட்டா போர்ட் எத்தனை, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சாட்டா பவர் ஒயர் எத்தனை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே எண்ணாக இருக்காது.