பெரியம்மாவின் வளையல்

தை மாதத்தில் ஒரு நாள் மாயவரத்துக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் என்னைக் கண்டதும், "வாடா, வா! தனியாகவா வந்தாய்? அவளையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ?" என்று வழக்கம் போலவே வரவேற்றாள். வழக்கம் போலவே காப்பியும் வந்தது. டம்ளரை என்னிடம் நீட்டும்போதுதான் அந்த வேடிக்கை நடந்தது. அவள் கையிலிருந்த பொன் வளையல் மணிக்கட்டைத் தாண்டி, விரல்களையும் தாண்டி, 'டங்' என்று என் காப்பிக்குள்ளேயே விழுந்தது!

பெரியம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். "வயசு எழுபத்தெட்டு ஆச்சேடா! இனிமேல் பூரிக்கவா போகிறேன்?" என்று சொல்லிவிட்டு, வளையலைக் கழுவித் துடைத்து, அதன் உட்பக்கத்தில் நூலைச் சுற்றிச் சிறிதாக்கிப் போட்டுக்கொண்டாள். சங்கப் பாட்டில் தலைவியின் வளை கழன்றால் ஊரை விட்டுப் போன தலைவனே காரணம் என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்லுவார். பெரியப்பா ஊரை மட்டுமா விட்டார்? உலகத்தையே விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அதே தெருவில் இருக்கும் டாக்டரிடம் இதைத் தமாஷாகச் சொன்னேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் சிரிக்கவில்லை. "போன வருஷம் அந்த வளையல் கழன்றதா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "வாருங்கள், போய்ப் பார்க்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

வந்தவர் நாடி பார்க்கவில்லை, குழாயையும் எடுக்கவில்லை. கூடத்து நாற்காலியில் பெரியம்மாவை உட்காரச் சொன்னார். "கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள், மாமி. கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து எழுந்து உட்காருங்கள்" என்றார். பெரியம்மா இரண்டு தடவை எழுந்தாள். மூன்றாவது தடவை, கட்டியிருந்த கைகள் தாமாகவே பிரிந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டன. அடுத்தபடியாகக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறக்கச் சொன்னார். மூடி அசையவில்லை.

ஐந்து தடவை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும், ஒரு விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவாக நடந்தாலும், பெண்களுக்குப் பிடியின் பலம் 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனாலும் தசை குன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019-ல் கூடி வகுத்த கணக்கு. பிடியை அளக்க ஒரு கருவி உண்டு. டாக்டரிடம் அது இல்லாததால் ஊறுகாய் ஜாடி அந்த வேலையைச் செய்தது!

"இதற்கு நம் தமிழில் அழகான பெயரே இருக்கிறது: தள்ளாமை. நாம் அதை வயதின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, 'தள்ளாத வயசு' என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுகிறோம்" என்றார் டாக்டர்.

அமெரிக்காவில் லிண்டா ஃபிரைட் என்னும் பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும், ஆஸ்பத்திரியில் அல்ல, தங்கள் தங்கள் வீடுகளில் வாழ்ந்துவந்த 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, 2001-ல் தள்ளாமைக்கு ஐந்து அடையாளங்களைக் குறித்தார்கள். முயற்சி செய்யாமலே ஒரு வருஷத்தில் நாலரை கிலோவுக்கு மேல் எடை குறைவது, எதைச் செய்தாலும் சோர்ந்து போவது, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டமே குறைந்துவிடுவது. மூன்று இருந்தால் தள்ளாமை வந்துவிட்டது. ஒன்றோ இரண்டோ இருந்தால் அது வாசலில் நிற்கிறது. மூன்று உள்ளவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சீக்கிரம் இறந்தும் போனார்கள். எண்பதைத் தாண்டியும் இந்த அடையாளங்களில் ஒன்றுகூட இல்லாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வயது மட்டும் காரணம் அல்ல.

பெரியம்மாவுக்கு எத்தனை? போன வருஷம் 51 கிலோ இருந்தவள் இப்போது 46. மற்ற நான்கையும் நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

"காரணம் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும், தேடுவோம்" என்று டாக்டர் துப்பறிகிறவர் போலக் கிளம்பினார். முதலில் போன இடம் சமையலறை. அங்கே வெகு நேரம் நின்றார். காலையில் காப்பி. பத்து மணிக்கு ரசம் சாதம், மோர் சாதம். மூன்று மணிக்குக் காப்பியும் இரண்டு பிஸ்கட்டும். இரவில் ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் பால். "ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவானேன்?" என்றாள் பெரியம்மா. வயதானவர்களுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். பெரியம்மாவுக்கு ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டர் காகிதத்தில் கூட்டிப் பார்த்தார், இருபத்தைந்து தேறியது.

வயிறு நிறைந்தது, அதனால் குறை தெரியவில்லை. ஒரு கைப்பிடித் துவரம்பருப்பில் ஆறேழு கிராம் இருக்கிறது; முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டையில் ஆறு. ஆனால் குழம்பும் சுண்டலும் இந்த வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆயிற்றாம். ஏன்? பல் செட் வாயில் சரியாக உட்காரவில்லை. அது பாட்டுக்கு அலமாரியில் ஒரு டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தது!

அடுத்தாற்போல் மருந்துப் பெட்டி. மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த ஏழு மாத்திரைகள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பெரியம்மாவைப் படுக்க வைத்தும் எழுந்து நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார் டாக்டர். எழுந்து நின்றதும் இருபது புள்ளிக்கு மேல் சரிந்தது. காலையில் தலை சுற்றுகிறது என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதன் ரகசியம் அதுதான். தூக்க மாத்திரை வேறு! டாக்டர் எதையும் உடனே நிறுத்திவிடவில்லை. மற்ற இருவருக்கும் கடிதம் எழுதிக் கலந்துகொண்ட பிறகு ஏழு நான்காயிற்று. வாசகர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

வலது கண்ணில் புரை. "ஒரு கண் தெரிகிறதே, போதாதா?" என்று அதைத் தள்ளிப் போட்டிருந்தாள். மங்கலாகத் தெரிவதால் பயம்; பயத்தால் வெளியே போவதில்லை. போகாததால் கால் இன்னும் தளர்கிறது. முன்பெல்லாம் பெரியப்பாவோடு தினம் சாயங்காலம் கோயிலுக்குப் போய் வருவாள். அவர் போன பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எங்கள் தமிழ் வாத்தியார் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கத்தான் செய்தது.

ஐப்பசியில் வந்த ஜுரத்தைப் பற்றி டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். பதினைந்து நாள் கட்டிலை விட்டு இறங்க விடாமல் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டாளாம் மருமகள். அவள் தங்கமான பெண். ஆனால் 2007-ல் அமெரிக்காவில் நோய் ஒன்றும் இல்லாத முதியவர்கள் பன்னிரண்டு பேரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது! இப்படித் தசை கரைவதற்கு 1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்பவர் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'தசைப் பஞ்சம்' என்று பொருள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றுவது நம் வழக்கம்தான். இந்தப் பஞ்சத்துக்குக் கஞ்சி போதாது.

இனி நான் சொல்லப் போவது என் அண்ணாவுக்குக் கோபத்தை உண்டாக்கும். பெரியம்மாவின் மூத்த பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். தாயார் மேல் உயிர். துணி துவைக்க இயந்திரம் வாங்கி வைத்தான்; கிணற்றில் மோட்டார் போட்டான்; மேல் வேலைக்கு ஆள் வைத்தான். "அம்மா, நீ ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது" என்று உத்தரவு. பெரியம்மா அதை அப்படியே நிறைவேற்றினாள். துரும்பை எடுக்காத கை, மூன்று வருஷத்தில் ஊறுகாய் ஜாடியைத் திறக்க முடியாத கையாயிற்று. நம் வீடுகளில் முதியவர்களை உபேட்சை செய்வதால் வரும் கேட்டைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அன்பால் வரும் கேட்டைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

அதற்காக, 'உழைக்கிறவர்களுக்குத் தள்ளாமை வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வசதி உள்ளவர்கள் கட்டிய கதை. அங்கே பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கு வயது அறுபதுக்குள்தான். பார்த்தால் பெரியம்மாவுக்கு மூத்தவள் போல இருக்கிறாள். ஏழைகளுக்கும், படிப்பு எட்டாதவர்களுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் தள்ளாமை அதிகம் என்று நாட்டுக்கு நாடு கண்டிருக்கிறார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்காதா? அந்த அம்மாளுக்கு, 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பருப்பு வருவதில்லை.

போன பலம் திரும்புமா? நானும் இதைத்தான் கேட்டேன். டாக்டர் 1990-ல் பாஸ்டன் நகரத்து முதியோர் விடுதி ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்ற டாக்டர் செய்த சோதனையைச் சொன்னார். தொண்ணூறை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார். கடைசி வரை நின்ற ஒன்பது பேருக்குக் காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைத் தூக்கி வைத்துவிட்டார்கள்! அவரே 1994-ல் நூறு பேரைக் கொண்டு மறுபடியும் சோதித்தபோது, பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. டின் டின்னாகச் சத்துமாவு வாங்கி அனுப்பும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு டாக்டர் சொன்ன பயிற்சி, சுவரோரம் போட்ட கனமான நாற்காலியில் தினம் மூன்று வேளை எழுந்து உட்காருவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் தூக்கி இறக்குவது. உணவில் இரவுக்கு அடை, மாலைக்கு மசித்த சுண்டல், கூடவே ஒரு கிண்ணம் தயிர். (சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் பருப்பைக் கூட்டக் கூடாது.) பல் செட் ரிப்பேருக்குப் போயிற்று. மாசியில் கண் ஆபரேஷன் ஆயிற்று. அடுத்த வீட்டு மாமி சாயங்காலத்தில் கோயிலுக்குத் துணை.

அண்ணா டெலிபோனில் என்னைப் பிடித்துக்கொண்டான். "எழுபத்தெட்டு வயசு அம்மாவைத் தேகப்பயிற்சி செய்யச் சொல்கிறாயாமே! விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் நீயா வந்து பார்ப்பாய்? நான் அவளை இங்கே அழைத்து வந்து என் கண்ணெதிரில் உட்கார வைத்துக்கொள்ளப் போகிறேன்" என்றான். அவன் பயம் நியாயமானதுதான், எனக்கும் இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் பெரியம்மா வேறொரு நாள் தானே பேசிவிட்டாளாம். "உட்கார வைப்பதற்கு நான் என்ன பொம்மையா? ஆடி வரைக்கும் தவணை கொடு" என்று.

ஆடியில் போனேன். எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்தாள், பதினான்கு விநாடி. பன்னிரண்டுக்குள் வரவில்லை என்று டாக்டர் குறித்துக்கொண்டார். வளையலில் நூல் இன்னும் இருந்தது. ஊறுகாய் ஜாடியை மட்டும் என் எதிரிலேயே திறந்து காட்டினாள்.

ஆவணியில் அண்ணா வந்து நான்கு நாள் தங்கிவிட்டுத் தனியாகத்தான் திரும்பினான். துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழைய புடவையால் மூடி, அதன் மேல் கொலுப் பொம்மைப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தாளாம் பெரியம்மா. பெட்டியை மேலே ஏற்றியது யார் என்று அவன் கேட்கவே இல்லையாம்.