உலை பெருத்த உயிரணு

தைராய்டுச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை சிகிச்சைக்கு எளிதில் வசப்படுபவை. ஆயினும், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரையே காணப்பெறும் அபூர்வ வகை ஒன்றுண்டு. அதற்கு நெடுங்காலம் ஹூர்த்லே உயிரணுப் புற்று என்று பெயர். பெயரிலேயே ஒரு வம்பு! கார்ல் ஹூர்த்லே என்னும் ஜெர்மானியர் 1894-இல் நாயின் தைராய்டில் கண்டது வேறோர் உயிரணு என்பர் அறிஞர். மனிதரிடத்தில் இதனை விளங்க எடுத்துரைத்தவர் 1898-இல் மாக்ஸ் அஸ்கனாசி. கண்டவர் ஒருவர், புகழ் பெற்றவர் மற்றொருவர். உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் அப்பழைய பெயரைக் கைவிட்டு, 'ஆன்கோசைட்டிக்' புற்று என வழங்கலாயிற்று. வீங்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது.

வீங்குவது ஏன்? ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகள் உண்டு. உணவுச் சத்தைப் பிராணவாயுவின் துணையால் சக்தியாக மாற்றித் தருபவை அவையே. இப்புற்றின் உயிரணுக்களிலோ அவ்வுலைகள் இடமின்றி நெருங்கிக் கிடக்கின்றன.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. 16,569 எழுத்துக்களும் 37 ஜீன்களும் கொண்ட அவ்வேட்டின் முழு வரிசை 1981-இல் வெளியாயிற்று. நாம் அதனைத் தாயிடமிருந்தே பெறுகிறோம். சக்தி பிறக்கும் தொடரின் முதல் இயந்திரத்திற்கு வேண்டிய ஏழு புரதங்களின் குறிப்பு அதில் அடங்கியுள்ளது. 2018-இல் அமெரிக்காவில் இரு ஆய்வுக் குழுவினர் இப்புற்றுக் கட்டிகளைப் படித்தபோது, பலவற்றில் அவ்வேழு குறிப்புகளிலேயே பிழைகள் மலிந்திருக்கக் கண்டனர். உலை பழுதாகவே, குறையை ஈடுசெய்ய உயிரணு மேலும் மேலும் உலைகளைப் பெருக்குகிறது என்று கருதுகின்றனர். எரியாத அடுப்பைச் செப்பனிடாமல் பக்கத்தில் பத்து அடுப்புகளை மூட்டினாற்போல!

அவ்வாய்வுகளில் மற்றொரு விந்தையும் வெளிப்பட்டது. உயிரணுவின் கருவில் 23 ஜோடிக் குரோமோசோம்கள் இருத்தல் இயல்பு. இக்கட்டிகள் பலவற்றில் ஜோடிக்கு ஒன்றாகப் பல குரோமோசோம்கள் தொலைந்துபோயிருந்தன. ஆனால் ஏழாம் ஜோடி பெரும்பாலும் குறையாமல் நின்றது.

'தாய்வழி வருவதென்றால் என் மக்களுக்கும் வருமோ?' என்று நோயுற்ற தாய் ஒருத்தி அஞ்சுவது இயற்கை. இப்பிழைகள் பெரும்பாலும் அவளுடைய கழுத்துக் கட்டியில், அவள் வாழ்நாளில் முளைத்தவை. கருமுட்டையில் உள்ளவை அல்ல. ஆதலின் அவை பிள்ளைகளைச் சேர்வதில்லை. ஒரே குடும்பத்தில் பலருக்குத் தைராய்டுப் புற்று கண்டிருந்தால் மட்டும் அதனை மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும்.

சிகிச்சையிலும் ஓர் இடர் உண்டு. கதிரியக்க அயோடினைத் தைராய்டு உயிரணுக்கள் தாமே உறிஞ்சுவதால்தான் அம்மருந்து மற்ற பல வகைகளில் பயன் தருகிறது. இவ்வுயிரணுக்கள் பல வேளைகளில் அதனை ஏற்பதில்லை. எனவே அறுவைச் சிகிச்சையே முதன்மையான வழி. ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தாலும் முடிவு சொல்லிவிட இயலாது. தீங்கற்ற கட்டியிலும், ஹாஷிமோட்டோ என்னும் தைராய்டு அழற்சியிலும் இதே உயிரணுக்கள் காணப்படுவதுண்டு. கட்டியின் உறையையோ இரத்தக் குழாயையோ அவை துளைத்துச் சென்றுள்ளனவா என்பதைக் கட்டியை அகற்றி நுண்ணோக்கியில் பார்த்தே மருத்துவர் துணிகின்றனர்.